டர்போவுக்கு ஒரு மதகு



டர்போ என்ற சொல் இன்று தோட்டப்புறத்திலும் சாதாரணமாகப் புழங்குகிறது. முன்பெல்லாம் குலை ஏற்றும் பெரிய லாரிகளோடு மட்டும் சேர்த்து நாம் கேட்ட சொல் அது. இப்போதோ வீட்டு வாசலில் நிற்கும் சிறிய காரிலும் டர்போ வந்துவிட்டது. நம் வடக்குச் சிலாங்கூரிலேயே, ரவாங்குக்கு அருகில் சுங்கை சோவில் உள்ள பெரோடுவா தொழிற்சாலையிலிருந்து 2021ஆம் ஆண்டில் அத்திவா என்ற கார் வெளிவந்தது. அதன் எஞ்சின் ஒரே லிட்டர்தான், சிலிண்டர் மூன்றுதான். ஆனாலும் டர்போவின் துணையால் அது சுமார் 98 குதிரைத்திறன் தருகிறது. 1.5 லிட்டர் மைவி தரும் திறனுக்கு அது ஏறத்தாழ நிகர். அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, 2011ஆம் ஆண்டின் இறுதியில், புரோட்டோன் நிறுவனம் தன் 1.6 லிட்டர் டர்போ எஞ்சினை எக்ஸோரா போல்ட் காரில் பொருத்தி விற்பனைக்கு விட்டது. மறு ஆண்டு பிரேவே வந்தது. 2020இல் எக்ஸ்50 வந்தது.

இவற்றுள் பழையவை இப்போது பழைய கார் கடைகளில் விலை இறங்கி நிற்கின்றன. நம் பிள்ளைகளின் கைக்கு எட்டும் விலை அது. கார் கைக்கு வந்ததும் பலர் முதலில் தொடுவது புகைக்குழாயைத்தான். எக்ஸோஸ் என்கிறோமே, அதை! மெல்லிய குழாயைக் கழற்றிவிட்டுப் பருத்த குழாயை மாட்டினால் சத்தமும் கூடும், வேகமும் கூடும் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கில் ஒரு பகுதி சரி. மற்றொரு பகுதியைக் கவனிக்காமல் விட்டால் சில மாதங்களில் எஞ்சின் பழுதாகி, கார் லயத்துக்குப் பின்னால் நிற்கும். கார் நின்றாலும் வங்கிக் கடன் நிற்பதில்லை. ஆகவேதான் புகைக்குழாய்க்கும் டர்போவுக்கும் உள்ள தொடர்பையும், அந்த டர்போவை அடக்கி வைக்கும் ஒரு சிறு கதவையும் பற்றி இன்று பேச எண்ணினோம். தாய்மார்களும் கேட்கலாம். தவணைப் பணத்துக்காகக் குடும்பச் செலவைச் சுருக்குகிறவர்கள் அவர்கள்தானே.

எஞ்சின் காற்றைக் குடித்து உழைக்கும் இயந்திரம். பெட்ரோலை எவ்வளவு ஊற்றினாலும் அதற்கேற்ற காற்று இல்லாவிட்டால் அது எரியாது. 1.5 லிட்டர் எஞ்சின் ஒன்று நிமிடத்துக்கு 6,000 சுற்று சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சுற்றுக்கு ஒரு முறை அது 1.5 லிட்டர் காற்றை உள்ளே இழுக்கிறது. ஆக, நிமிடத்துக்கு 4,500 லிட்டர். விநாடிக்கு 75 லிட்டர். அதே எஞ்சின் 2,000 சுற்றில் மெதுவாக ஓடும்போது விநாடிக்கு 25 லிட்டர் போதும்.

டர்போவின் வேலை, இந்தக் காற்றை அழுத்தி நெருக்கமாக்கி உள்ளே தள்ளுவது. நம்மைச் சுற்றியுள்ள காற்றின் இயல்பான அழுத்தம் 14.7 பி.எஸ்.ஐ. டயருக்குக் காற்றடிக்கும்போது 30, 32 என்று சொல்கிறோமே, அதே அளவைதான். இந்த இயல்பு அழுத்தத்துக்கு மேல் இன்னும் 10 பி.எஸ்.ஐ. சேர்த்து டர்போ தள்ளுமானால், எஞ்சினுக்குள் போகும் காற்று ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்காகிறது. கூடுதலாகத் தள்ளும் இந்த அழுத்தத்தையே பூஸ்ட் என்கிறார்கள். 75 லிட்டர் குடித்த எஞ்சின் இப்போது 120 லிட்டருக்கு மேல் குடிக்கிறது. அது எரிந்து வெளியேறும்போது சூடு 800, 900 டிகிரி வரை போகும். அந்தச் சூட்டில் புகை ஏறத்தாழ நான்கு மடங்கு விரிகிறது. ஆக, விநாடிக்கு 480 லிட்டர் போலப் புகை வருகிறது. தோட்டத்து ஸ்டோரில் 200 லிட்டர் டீசல் டிரம் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு விநாடியும் அப்படி இரண்டு டிரம்முக்கு மேல் நிரம்பும் புகை, பெருவிரல் கனமும் கைப்பிடி அளவும் உள்ள ஒரு சின்னச் சக்கரத்தை உரசிக்கொண்டு போகிறது. மெதுவாக ஓடும்போதோ அரை டிரம்தான். இந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சின்னச் சக்கரம்தான் டர்பைன். புகை அதைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் காற்றை அழுத்துகிறது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் வேகம் இதற்கு உண்டு. வீணாகப் போகும் புகையைக் கொண்டு காற்றைத் தள்ளலாம் என்று 1905ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றவர் ஆல்பிரெட் பூக்கி என்ற சுவிட்சர்லாந்து எஞ்சினியர். முதலில் கப்பல்களுக்கும் பெரிய டீசல் எஞ்சின்களுக்கும் பயன்பட்ட அந்த யுக்திதான் இன்று நம் வாசலுக்கு வந்திருக்கிறது.

டர்பைன் என்பது நமக்குப் புதிய பொருளும் அல்ல. இந்த நாட்டில் வணிக முறையில் முதன்முதலாகச் செம்பனை நடப்பட்டது 1917இல், நம் பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில். ஊருக்கு அப்போது பத்தாங் பெர்ஜுந்தை என்று பெயர். செம்பனை வந்த இடமெல்லாம் ஆலை வந்தது. ஆலையில் நாரையும் ஓட்டையும் எரித்துக் கொதிகலனில் ஆவி உண்டாக்குகிறார்கள். அந்த ஆவி டர்பைனைச் சுழற்றி மின்சாரம் தருகிறது. டர்பைனை விட்டு வரும் ஆவியையும் வீணாக்குவதில்லை. அதைக் கொஞ்சம் அழுத்தத்தோடேயே ஒரு கலத்தில் பிடித்து வைத்துக் குலைகளை வேகவைக்க அனுப்புகிறார்கள்.

ஆலையில் வேலை செய்கிறவர்களைக் கேட்டால் ஓர் உண்மையைச் சொல்வார்கள். டர்பைனின் பலம் முன்னால் உள்ள அழுத்தத்தை மட்டும் பொறுத்ததன்று. முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு, இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம்தான் சக்கரத்தைச் சுழற்றுகிறது. பின்புறத்து ஆவி போக வழியின்றித் தேங்கினால் டர்பைன் தளர்கிறது. பின்புறம் விடுபட்டால் துள்ளுகிறது.

காரிலும் இதே கதைதான். டர்போவுக்குப் பின்னால் புகையைச் சுத்தம் செய்யும் பெட்டி இருக்கிறது, சத்தத்தை அடக்கும் சைலன்சர் இருக்கிறது, வளைந்து நெளிந்த குழாய் இருக்கிறது. இவையெல்லாம் சேர்ந்து கொஞ்சம் எதிரழுத்தம் கொடுக்கின்றன. டவுன்பைப் என்று பையன்கள் சொல்லும் குழாயைப் பெரிதாக்கி, சுத்திகரிக்கும் பெட்டியையும் எடுத்துவிட்டால் அந்த எதிரழுத்தம் விழுந்துவிடுகிறது. 2 அங்குலக் குழாய்க்குப் பதில் 3 அங்குலக் குழாய் போட்டால் வழி ஒன்றரை மடங்குதானே கூடுகிறது என்று நினைக்கக் கூடாது. வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் போலக் கூடும். இரண்டிரண்டு நான்கு, மூன்று மூன்று ஒன்பது. ஆக இரண்டேகால் மடங்கு. பள்ளியில் சொல்லிக்கொடுக்கும் கணக்குத்தான் இது. பட்டறையில் அது மறந்துபோகிறது.

பின்புறம் விடுபட்டதும் டர்பைன் வேகம் கொள்கிறது. வேகம் கொண்டால் அதிகக் காற்றைத் தள்ளுகிறது. அதிகக் காற்று எரிந்தால் அதிகப் புகை வருகிறது. அதிகப் புகை டர்பைனை இன்னும் வேகமாகச் சுழற்றுகிறது. தன் வாலைத் தானே விழுங்கும் பாம்பு போல இது ஒரு சுழல். டர்போவைக் கட்டுப்பாடின்றி விட்டால் இந்தச் சுழல் எஞ்சின் உடையும் வரை கூடப் போகும். ஆகையால்தான் அதற்கு ஒரு மதகு வைத்தார்கள். வேஸ்ட்கேட் என்பது அதன் பெயர்.

மதகு என்றால் கரையோரத் தோட்டத்து மக்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. ஜெராம் முதல் தஞ்சோங் காராங் வரையிலும், அதற்கு அப்பால் சபாக் பெர்ணம் வரையிலும் கடலோர நிலம் தாழ்ந்த நிலம். கடல் ஏறும்போது தண்ணீர் மட்டம் நிலத்தைவிட உயர்ந்துவிடும். அதனால் மண்கரை போட்டு, இடையிடையே தண்ணீர்க் கதவு வைத்திருக்கிறார்கள். கடல் இறங்கும்போது கதவு திறந்து, வடிகாலில் நிற்கும் மழைநீர் வெளியேறுகிறது. கடல் ஏறும்போது மூடிக்கொள்கிறது.

டர்போவின் மதகு டர்பைன் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே உள்ள ஒரு வட்டத் துளை. அதன்மேல் ஒரு தட்டு மூடி. மூடியை இழுக்கும் கம்பி ஒரு சிறிய டப்பியிலிருந்து வருகிறது. டப்பிக்குள் ஸ்பிரிங்கும் ரப்பர்ச் சவ்வும் இருக்கின்றன. டர்போ தள்ளும் காற்றில் கொஞ்சத்தை ஒரு ரப்பர்க் குழாய் இந்த டப்பிக்குக் கொண்டு வருகிறது. அழுத்தம் குறித்த அளவைத் தாண்டினால் சவ்வு ஸ்பிரிங்கை அமுக்கி, கம்பியைத் தள்ளி, மூடியைத் திறந்துவிடும். உடனே புகையில் ஒரு பகுதி சக்கரத்தைத் தொடாமல் துளை வழியாக நேரே வெளியே போய்விடும். சக்கரத்துக்குப் போகும் பங்கு குறையும். பூஸ்ட் அந்த அளவோடு நிற்கும்.

இதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. சிக்கல் துளையின் அளவில் இருக்கிறது.

வடிகாலுக்கே திரும்புவோம். சாதாரண மழைக்கு இரண்டடி அகலக் கதவு போதும். ஆனால் வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் விடாமல் கொட்டினால் என்ன ஆகிறது? கதவு முழுவதும் திறந்திருக்கிறது. காவலாளி மேல் குற்றம் இல்லை. இருந்தாலும் வந்து சேரும் நீர், கதவு வழியே போகும் நீரைவிட அதிகம். செம்பனை அடியில் நீர் முழங்கால் அளவு ஏறுகிறது. திறந்த கதவை இதற்கு மேல் திறக்க முடியாது. டர்போவிலும் அப்படியே நடக்கிறது. அழுத்தம் 8 பி.எஸ்.ஐ. வந்ததும் திறக்கும்படி ஸ்பிரிங் வைத்திருக்கிறார்கள் என்று கொள்வோம். 3,000 சுற்றில் முள் 8இல் நிற்கிறது. 4,500இல் 9 காட்டுகிறது. 5,500இல் 11. 6,000இல் 13. இவை உதாரணத்துக்குச் சொன்ன எண்கள். காருக்குக் கார் மாறும். ஆனால் போக்கு இதுதான். மூடி எப்போதோ முழுவதும் திறந்துவிட்டது. புகைதான் துளைக்கு அடங்கவில்லை. அடங்காத புகைக்குச் சக்கரத்தின் வழியைத் தவிர வேறு வழி இல்லை. சக்கரம் வேகம் கொள்ள, பூஸ்ட் ஊர்ந்து ஊர்ந்து ஏறுகிறது. ஆங்கிலத்தில் இதற்கு இட்ட பெயரும் ஊர்தல் என்ற பொருளில்தான் இருக்கிறது.

கார் தொழிற்சாலைக்காரர்கள் துளையைச் சிறியதாக வைத்துவிட்டார்களா என்று கேட்கலாம். அவர்கள் தம் குழாய்க்கும், தம் சுத்திகரிப்புப் பெட்டிக்கும், அவை கொடுக்கும் எதிரழுத்தத்துக்கும் பொருத்தமாகத்தான் வைத்தார்கள். அந்த எதிரழுத்தமும் சேர்ந்துதான் டர்பைனை அடக்கி வைத்திருந்தது. நாம் அதை எடுத்துவிட்டோம். பெரிய குழாய் போட்டால் மதகு வழியாகவும் முன்பைவிடக் கொஞ்சம் அதிகப் புகை போகத்தான் செய்யும். மறுக்கவில்லை. ஆனால் சக்கரத்துக்குக் கிடைத்த லாபம் அதைவிடப் பெரிது. எஞ்சின் விடும் மொத்தப் புகையும் கூடிவிட்டது. துளையோ அதே துளை. போதாக்குறைக்குச் சில டர்போக்களில் புகை வரும் பாதைக்கு அந்தத் துளை பக்கவாட்டில் இருக்கும். வேகமாக வரும் புகை சட்டென்று திரும்பித் துளைக்குள் நுழையாமல் நேரே சக்கரத்துக்கே போய்விடும். துளையின் விட்டத்தை மட்டும் பார்த்தால் போதாது. அது இருக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும்.

இங்கே பலரும் தலைகீழாக நினைக்கும் ஒரு செய்தி இருக்கிறது. பூஸ்ட் அதிகம் வேண்டுமானால் பெரிய மதகு வேண்டும், குறைவான பூஸ்டுக்குச் சிறிய மதகு போதும் என்று நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. எஞ்சின் விடும் புகையை 100 பங்கு என்று வைப்போம். 15 பி.எஸ்.ஐ. பூஸ்ட் உண்டாக்கச் சக்கரத்துக்கு 80 பங்கு வேண்டும் என்றால் மதகு வழியே போக வேண்டியது 20 பங்குதான். பூஸ்ட் 6 போதும் என்று கட்டுப்படுத்த விரும்பினால் சக்கரத்துக்கு 50 பங்கே விட வேண்டும். மிச்சம் 50 பங்கு மதகு வழியே போயாக வேண்டும். பூஸ்ட் குறைந்தால் மொத்தப் புகையும் கொஞ்சம் குறையும் என்றாலும் கணக்கின் போக்கு மாறாது. பூஸ்டை எவ்வளவு தாழ்வாக நிறுத்த விரும்புகிறோமோ அவ்வளவு பெரிய மதகு வேண்டும். பெரிய எஞ்சினில் சின்ன டர்போவை மாட்டினாலும் பெரிய மதகு தேவை. ஏனென்றால் அந்தச் சின்னச் சக்கரத்துக்குத் தேவையானது கொஞ்சம் புகை. எஞ்சின் கொடுப்பதோ ஏராளம்.

முள் ஏறுவதைக் கண்டதும் சிலர் டப்பியின் ஸ்பிரிங்கை மாற்றுகிறார்கள். மெல்லிய ஸ்பிரிங் போட்டால் மூடி முன்கூட்டியே திறக்கும், அவ்வளவே. முழுவதும் திறந்த மூடியை அது மேலும் திறக்காது. இன்னும் சிலர், காரின் கணினியைத் திருத்தினால் சரியாகிவிடும் என்று நூற்றுக்கணக்கில் வெள்ளி செலவு செய்கிறார்கள். பல கார்களில் டப்பிக்குப் போகும் காற்றைக் கணினி ஒரு மின்வால்வு மூலம் அளந்து விடுகிறது என்பது உண்மைதான். ஆனால் அத்தகைய வால்வால் செய்யக்கூடியது காற்றைத் தடுத்து மூடியை மூடியே வைத்திருப்பது. அதாவது பூஸ்டைக் கூட்டுவது. முழுத் திறப்பில் கிடைக்கும் அழுத்தத்துக்குக் கீழே இறக்க எந்தக் கணினிக்கும் முடியாது. கடைசியில் அது செய்வது ஒன்றுதான். எல்லை மீறியதும் பெட்ரோலை நிறுத்திவிடும், அல்லது காற்று வழியை அடைத்துவிடும். நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும் கார் திடீரென்று யாரோ பின்னாலிருந்து பிடித்திழுத்தது போலக் குலுங்கும். பின்னால் லாரி வந்தால் என்ன ஆகும் என்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை.

1962ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இரண்டு டர்போ கார்கள் விற்பனைக்கு வந்தன. ஓல்ட்ஸ்மொபில் ஜெட்பயர் காரில் மதகு இருந்தது. செவ்ரலே கோர்வேர் காரில் மதகே இல்லை! கார்புரேட்டரின் நெருக்கமும் புகைக்குழாயின் நெருக்கமும் சேர்ந்தே அதன் பூஸ்டை அடக்கி வைத்தன. அந்தக் காரில் சைலன்சர் சத்தத்தை அடக்கும் டப்பா மட்டும் அன்று, எஞ்சினுக்குக் காவலும் கூட. பின்னர் 1970களின் பிற்பகுதியில் சுவீடன் நாட்டு சாப் நிறுவனம் தன் 99 டர்போ காரில் மதகை வேறு விதமாகப் பயன்படுத்தியது. சிறிய டர்போவை வைத்துக் குறைந்த சுற்றிலேயே பூஸ்ட் வரச் செய்து, அதிகச் சுற்றில் மிச்சப் புகையை மதகு வழியே கழித்துவிட்டது. இன்றைய குடும்பக் கார்கள் எல்லாம் இந்த வழியில்தான் போகின்றன. சிறிய டர்போ என்றால் மதகின் வேலை அதிகம் என்பதை மேலே பார்த்தோம்.

காற்று நுழையும் வாயிலிலும் அடக்கலாம். 2002ஆம் ஆண்டில் உற்பத்திக் கார்களுக்கான உலக ராலி வெற்றியாளர் பட்டத்தை மலேசியரான கரம்ஜித் சிங் வென்றது நேயர்களுக்கு நினைவிருக்கும். புரோட்டோன் பெர்ட் என்ற டர்போ காரில்தான் அவர் ஓட்டினார். அந்தப் பிரிவுக் கார்களில் டர்போவின் வாய்க்கு முன்னால் 32 மில்லிமீட்டர் துளையுள்ள ஒரு வளையம் மாட்ட வேண்டும் என்பது அப்போதைய விதி. எவ்வளவு கெட்டிக்கார எஞ்சினியர் இருந்தாலும் அந்தத் துளைக்கு மேல் எஞ்சினால் மூச்சு வாங்க முடியாது. பந்தயத்துக்கு அது நல்ல ஏற்பாடு. வீட்டுக் காருக்கு அது வேண்டாம்.

பூஸ்ட் மிஞ்சினால் எஞ்சினுக்கு என்ன கேடு? அழுத்தமும் சூடும் மிகுந்தால் பெட்ரோல் கலவை தீப்பொறி வருவதற்கு முன்போ, வந்த பின்பு தாறுமாறாகவோ தானே வெடிக்கும். உள்ளே சுத்தியலால் தட்டுவது போல ஓசை கேட்கும். நாக்கிங் என்று பட்டறையில் சொல்வார்கள். காற்று கூடிய அளவுக்குப் பெட்ரோல் கூடாவிட்டால் சூடு இன்னும் ஏறும். ஹெட் கேஸ்கெட் போகும். பிஸ்டனின் விளிம்பு உருகும். உருகிய பிஸ்டனோடு வந்த காரைப் பிரித்துச் சேர்ப்பதற்கு, பழைய காரின் விலையில் பெரும்பங்கு ஆகிவிடும். கார் புதியதாக இருந்தால், குழாய் மாற்றிய காரணத்தால் உத்தரவாதத்துக்கும் வில்லங்கம் வரும். சத்தத்துக்காகச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் சம்மன் வருவது தனிக் கதை.

டீசல் வண்டிகளின் நிலை வேறு. டீசலில் முன்கூட்டிக் கலந்த கலவை கிடையாது; ஆகவே இந்த வகை வெடிப்பு இல்லை. இன்றைய பிக்கப் வண்டிகள் பலவற்றில் மதகுக்குப் பதிலாக, டர்பைனைச் சுற்றி அசையும் சிறு தகடுகள் புகையின் வழியைக் குறுக்கியும் விரித்தும் வேலை செய்கின்றன. அவற்றில் கரி படிந்து தகடுகள் இறுகிக்கொண்டால் வண்டி இழுக்காது, அல்லது அளவுமீறி இழுக்கும். குலை லாரி மேட்டில் கரும்புகை கக்கிக்கொண்டு திணறினாலோ, முதலில் டர்போவைக் குறை சொல்லக் கூடாது. டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்று போகும் ரப்பர்க் குழாயின் கிளிப் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பத்துக் காசு வேலைக்குப் பெரிய பொருளை மாற்றியவர்கள் உண்டு.

பெட்ரோல் காரிலும் எல்லாப் பூஸ்ட் கோளாறும் துளையின் குற்றமன்று. டப்பிக்குப் போகும் மெல்லிய குழாய் கிழிந்திருந்தால் மதகு திறக்கவே திறக்காது. அப்போது பூஸ்ட் ஊர்ந்து ஏறாது. ஒரே மூச்சில் ஏறும். கம்பி துருப்பிடித்துச் சிக்கியிருந்தாலும் அப்படியே. மூடி தேய்ந்து சரியாக மூடாவிட்டால் பூஸ்ட் வராது. கார் சோர்ந்து போகும். குறைந்த சுற்றில் சரியாக நின்று, சுற்று ஏற ஏற முள்ளும் ஏறினால் மட்டுமே துளையின் மேல் சந்தேகப்பட வேண்டும். அதிலும் புகைக்குழாய் மாற்றிய பிறகு அது தொடங்கியிருந்தால் சந்தேகம் ஏறத்தாழ உறுதி.

இதைக் கண்டுபிடிக்க ஒரு பூஸ்ட் மீட்டர் போதும். சாலையில் ஓட்டிச் சோதிப்பதைவிட, காரை உருளைமேல் ஏற்றி ஓட்டும் பட்டறையில் சோதிப்பது பாதுகாப்பு. ஊர்வது உறுதியானால் பழைய குழாயை மறுபடி மாட்டுவதே சிக்கனமான வழி. அதனால்தான் கழற்றிய குழாயை இரும்புக் கடையில் எடைக்குப் போடக் கூடாது என்கிறோம். பெரிய குழாய்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிற பிள்ளை, துளையையும் மூடியையும் சேர்த்துப் பெரிதாக்க வேண்டும். 25 மில்லிமீட்டர் துளையை 35 ஆக்கினால் வழி ஏறத்தாழ இரண்டு மடங்காகும். துளையை மட்டும் குடைந்து பழைய மூடியை விட்டுவைத்தால் மூடி துளையை முழுவதும் மறைக்காது. சக்கரம் இருக்கும் பக்கச் சுவரும் மெலிந்துபோகும். இரும்பு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளந்து பார்த்தபின் குடைகிற பட்டறைக்காரரிடம்தான் அந்த வேலையைக் கொடுக்க வேண்டும். அளக்காமல் கையில் எந்திரத்தை எடுப்பவராக இருந்தால் காரைத் திருப்பி ஓட்டிக்கொண்டு வந்துவிடலாம்.